மின்சாரக் காருக்குப் பழைய சப்ஃப்ரேம் வாங்கும்முன்

முன்பக்கம் அடிபட்ட மின்சாரக் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், வெளியில் உடைந்து தொங்கும் பம்பரைவிட உள்ளே இருக்கும் ஏதோ ஒரு உலோகச் சட்டத்துக்குத்தான் மதிப்பீட்டில் பெரிய தொகை எழுதியிருப்பார்கள். புதியதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். சில மாடல்களுக்குக் காசு கொடுத்தாலும் உடனே கிடைக்காது. அப்போதுதான் "பழசு ஏதாவது கிடைக்குமா?" என்ற யோசனை வரும்.

கிடைக்கும். விபத்தில் சிக்கி, பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார்களைப் பிரித்து விற்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பின்னால் நசுங்கிய காரில் முன்பாகம் முழுசாக இருக்கும். அதைக் கழற்றி விற்பார்கள். ஆனால் பழைய கதவுக் கண்ணாடி வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல. கண்ணாடி பொருந்தாவிட்டால் போவது பணம் மட்டும்தான். சட்டம் சற்றே கோணியிருந்தால் சக்கரம் நேராக ஓடாது, டயர் ஒரு பக்கமாகத் தேயும், அடுத்த மோதலில் விசை போகவேண்டிய வழியில் போகாது. அதனால் இங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: இது என் காரின் பாகம்தானா? இது இன்னும் நேராக இருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை எண்களில் இருக்கிறது. இரண்டாவதற்கு அளவுகோலில்.

எதைக் கட்டமைப்புப் பாகம் என்கிறோம்?

வீட்டுக்குத் தூணும் உத்தரமும் எப்படியோ, காருக்கு இவை அப்படி. பானெட், பம்பரின் பிளாஸ்டிக் உறை, முன்பக்க ஃபெண்டர் ஆகியவை பெரும்பாலும் மூடிகள். அவை இல்லாமலும் கார் நிற்கும். எடையைச் சுமப்பதும், மோதலின் விசையை வாங்கிப் பிரித்து அனுப்புவதும், சக்கரங்களை அதனதன் இடத்தில் பிடித்து வைப்பதும் உள்ளே மறைந்திருக்கும் சட்டங்கள்தான்.

வாங்குபவர் பார்வையில் இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, போல்ட் போட்டு மாட்டுபவை: முன் சப்ஃப்ரேம், பின் சப்ஃப்ரேம், பம்பருக்குப் பின்னால் இருக்கும் மோதல் தாங்கும் குறுக்குச் சட்டம், ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் போன்றவை. சப்ஃப்ரேம் என்பது காரின் உடலுக்கு அடியில் நான்கு அல்லது ஆறு இடங்களில் பெரிய போல்ட்களால் பிடிக்கப்பட்ட தனிச் சட்டம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகள் அதில்தான் மாட்டப்பட்டிருக்கும். முன் சப்ஃப்ரேமாக இருந்தால், சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கும் பெரும்பாலும் அதன்மேல்தான். பல மின்சாரக் கார்களில் மோட்டாரும் அதிலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாவது வகை, உடலோடு வெல்டிங்கும் ரிவெட்டும் பசையும் போட்டு இணைத்தவை: முன்பக்க நீளச் சட்டங்கள், கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சட்டம், கதவுகளுக்கு இடையிலுள்ள தூண். மூன்றாவது பேட்டரிப் பெட்டி. அதன் சங்கதியே வேறு, கடைசியில் பார்க்கலாம்.

புதிதாக இறங்குபவர் பழையதாக வாங்கத் துணியலாம் என்று நான் சொல்வது முதல் வகையை மட்டும்தான். இரண்டாவது வகையை எங்கே வெட்டி எங்கே ஒட்ட வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் பழுதுக் கையேடு தீர்மானிக்கிறது. இன்னொரு காரிலிருந்து வெட்டியெடுத்த துண்டு, கையேடு சொல்லும் இடத்தைத் தாண்டிப் போதிய நீளம் விட்டு வெட்டப்பட்டிருக்க வேண்டும். கேஸ் கட்டரால் அறுத்திருந்தால் வெட்டுவாயருகே உலோகம் வெந்து தன் தன்மையை இழந்திருக்கும். அந்தப் பாகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதை வெல்டிங் செய்யப்போகும் பட்டறையிடமே விட்டுவிடுவது நல்லது. ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய கட்டமைப்புப் பாகங்களைப் பயன்படுத்துவதைப் பல கார் தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்யும் பட்டறையும் காப்பீட்டு நிறுவனமும் அதைக் காட்டி மறுக்கலாம். காசு கொடுத்தபிறகு இது தெரியவருவதைவிட, முதலில் இரண்டு பேரிடமும் கேட்டுவிடுவது மேல்.

ஒரே பெயர், வேறு வண்டி

"அதே மாடல்தான் சார், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்க" என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது. பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. மாடல் பெயர் அதேதான். பிரச்சினை என்னவென்றால், மின்சாரக் கார்களில் மாடல் பெயர் சொல்லும் தகவல் மிகக் குறைவு.

பெட்ரோல் வடிவமும் மின்சார வடிவமும் ஒரே பெயரில் ஓடும் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை ஹூண்டாய் கோனாவின் முன்சக்கர இயக்கப் பெட்ரோல் வண்டியில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்கு உத்தரம். கோனா எலெக்ட்ரிக்கில் அதே இடத்தில் பல கைகள் கொண்ட மல்டிலிங்க் அமைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் சம்பந்தமே இல்லை. வோல்வோ எக்ஸ்சி40-ன் மின்சார வடிவத்தைச் செய்தபோது, முன்னால் எஞ்சின் இல்லாததால் மோதலைத் தாங்கும் முன்சட்டத்தையே மறுபடி வடிவமைத்தார்கள். எஞ்சின் என்ற கனத்த இரும்புப் பாளமும் மோதலில் ஒரு பங்கு வகிக்கிறது. அது இல்லாத இடத்தில் விசை வேறு வழியில் போக வேண்டும். பேட்டரியின் பக்கம் போகாமலும் இருக்க வேண்டும். ஆகவே பெட்ரோல் வண்டியின் சட்டம் போல்ட் துளைகளில் உட்கார்ந்தால்கூட அதை மாட்டக்கூடாது.

சரி, இரண்டும் மின்சார வண்டிகளே என்றால்? அப்போதும் எந்தச் சக்கரத்துக்கு மோட்டார் என்று கேட்க வேண்டும். பின்மோட்டார் மட்டும் உள்ள வண்டியின் முன் சப்ஃப்ரேமில் மோட்டாரைத் தாங்கும் பிடிப்புகள் இல்லாமல் போகலாம். நான்கு சக்கர இயக்க வண்டியில் அவை இருந்தே ஆக வேண்டும். அந்த வோல்வோவே இதற்கும் உதாரணம்: ஒற்றை மோட்டார் வடிவம் முதலில் முன்சக்கர இயக்கமாக விற்கப்பட்டது. 2023-ல் அதைப் பின்சக்கர இயக்கமாக மாற்றினார்கள். பெயர் மாறவில்லை, மோட்டார் இருக்கும் பக்கமே மாறிவிட்டது.

அடுத்து எந்த ஆலை, எந்தக் காலம் என்பது. நிசான் லீஃப் என்று சொன்னால் போதாது. 2010-ல் வந்த முதல் தலைமுறையிலேயே இசட்இ0, பின்னர் திருத்தப்பட்ட ஏஇசட்இ0 என்று இரண்டு உட்குறியீடுகள்; 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறைக்கு இசட்இ1. டெஸ்லா மாடல் ஒய் இன்னும் சிக்கல். 2020-ல் வந்த முதல் வண்டிகளில் பின் அடித்தளம் இரண்டு பெரிய அலுமினிய வார்ப்புகளை இணைத்துச் செய்தது. பிறகு அது ஒரே வார்ப்பானது. 2022 முதல் டெக்சாஸ் ஆலையில் செய்த சில வண்டிகளில் முன்பக்கமும் ஒற்றை வார்ப்பு, பேட்டரிப் பெட்டியே காரின் தரை, முன் இருக்கைகள் அந்தப் பெட்டியின் மேலேயே போல்ட் போடப்பட்டவை. இந்த வண்டியும் அதே ஆண்டில் வேறு ஆலையில் பிறந்த மாடல் ஒய்யும் சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால்தான் "எந்த மாடல், எந்த ஆண்டு" என்ற கேள்வியோடு நிறுத்துபவர் ஏமாந்துபோகிறார்.

இடதுபக்க ஸ்டீயரிங்கா வலதுபக்க ஸ்டீயரிங்கா என்பதையும் பார்க்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து வரும் பாகமென்றால் முதலில் கேட்கவேண்டியதே இதுதான். முன் சப்ஃப்ரேமில் ஸ்டீயரிங் ரேக் உட்காரும் இடமும், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டமும் இதைப் பொறுத்து மாறக்கூடியவை.

உங்கள் வண்டியின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலான கார்களுக்கு 17 எழுத்து கொண்ட வின் நம்பர் என்ற அடையாள எண் உண்டு. முன்கண்ணாடியின் ஓரத்திலும் கதவுத் தூணிலும் பதிவுச் சான்றிலும் இருக்கும். எண்களோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதில்லை. ஆகவே யாராவது அனுப்பிய எண்ணில் ஓ என்று இருந்தால் அது சுழியம். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். பத்தாவது எழுத்து பல தயாரிப்பாளர்களிடம் மாடல் ஆண்டைக் காட்டும்: எம் என்றால் 2021, என் என்றால் 2022, பி (P) என்றால் 2023, ஆர் என்றால் 2024. இது எல்லா நாட்டிலும் கட்டாயமில்லை என்பதால், ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலரின் எண்ணில் இதை நம்பி உட்கார முடியாது. பதினொன்றாவது எழுத்து வழக்கமாக ஆலை. டெஸ்லாவில் எஃப் என்றால் ஃப்ரீமான்ட், சி என்றால் ஷாங்காய், பி (B) என்றால் பெர்லின், ஏ என்றால் டெக்சாஸின் ஆஸ்டின்.

மாடல் ஆண்டும் உற்பத்தித் தேதியும் ஒன்றல்ல. 2023 மாடல் என்று விற்கப்பட்ட கார் 2022-ன் பிற்பகுதியில் செய்யப்பட்டிருக்கலாம். பாகம் எந்த மாதத்தில் மாறியது என்பது உற்பத்தித் தேதியோடுதான் ஒத்துப்போகும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் பல வண்டிகளில் மாதமும் ஆண்டும் இருக்கும். அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் தேடினால் உங்கள் காருக்குரிய பார்ட் நம்பர் கிடைக்கும். டெஸ்லாவின் பட்டியலை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். மற்ற பல நிறுவனங்களுக்கு, அங்கீகாரம் பெற்ற முகவரின் பாகப் பிரிவில் வின் நம்பரைக் கொடுத்துக் கேட்பதுதான் சுலபமான வழி. வாங்குவது பழசென்றாலும் அவர்கள் எண் சொல்லத் தயங்குவதில்லை.

பார்ட் நம்பரை எப்படிப் படிப்பது?

பார்ட் நம்பர் தாறுமாறாக எழுதிய எண்ணல்ல. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு முறை வைத்திருக்கிறார். அந்த முறை தெரிந்தால், விற்பவர் அனுப்பும் மங்கலான படத்திலிருந்தே பாதி விஷயத்தைக் கறந்துவிடலாம்.

டெஸ்லாவின் எண் 1234567-00-ஏ என்ற வடிவில் வரும். முதல் ஏழு இலக்கங்கள் பாகத்தைச் சொல்கின்றன. நடுவில் வரும் இரண்டு இலக்கங்கள் அதன் வகையை, கடைசி எழுத்து திருத்தத்தை. ஏ போய் பி வந்தால் சின்னத் திருத்தம், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றலாம். நடு இலக்கங்கள் மாறினால் எச்சரிக்கையாக இருங்கள். அது இன்னொரு நாட்டுக்கான, இன்னொரு இயக்க வகைக்கான பாகமாக இருக்கலாம்.

ஹூண்டாயும் கியாவும் ஐந்து, ஐந்தாகப் பத்து எழுத்து வைக்கிறார்கள். முன் ஐந்தும் பாகத்தின் வேலையைச் சொல்லும். அடுத்து வரும் எழுத்துகள் வண்டியைச் சொல்லும். அயானிக் 5-க்கு ஜிஐ, இவி6-க்கு சிவி. இரண்டும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை, முன் ஐந்து இலக்கங்களும் ஒன்றாகவே இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு இரண்டும் ஒரே பாகம் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. முன் ஐந்தும் ஒத்துப்போனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்று என்பது மட்டும்தான் தெரிகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் இன்னொரு வசதி: எண் பகுதியின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் இடப்பக்கம், இரட்டைப்படையானால் வலப்பக்கம் என்பது வழக்கம். இடம், வலம் என்பதெல்லாம் காருக்குள் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரின் பக்கங்கள். காருக்கு எதிரே நின்று படமெடுக்கும் விற்பவர்கள் இதை அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுவார்கள்.

பட்டியலில் தேடும்போது ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொரு எண் காட்டும். பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புதிய எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதில்தான் பலர் தவறுகிறார்கள். புதிய பாகம் பழைய காருக்குப் பொருந்தும் என்றுதான் பட்டியல் உறுதி சொல்கிறது. பழைய பாகம் புதிய காருக்குப் பொருந்தும் என்று அது சொல்லவில்லை. திருத்தத்துக்குக் காரணம் சும்மா ஒரு துளையின் இடமாகவும் இருக்கலாம், விரிசல் விழுந்த இடத்தைப் பலப்படுத்தியதாகவும் இருக்கலாம். உங்கள் கார் புதிய எண்ணோடு பிறந்ததென்றால், பழைய எண்ணுள்ள பாகத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள்.

இன்னொரு குழப்பம்: உலோகத்திலேயே வார்த்த அல்லது பொறித்த எண். அதைப் பார்த்ததும் அதுதான் பார்ட் நம்பர் என்று நினைக்கத் தோன்றும். பல நேரம் அது வார்ப்பு அச்சின் எண் அல்லது முழுச் சட்டத்தில் ஒரு துண்டின் எண். ஒரே அச்சில் வார்த்துவிட்டு, துளைகளை மட்டும் வேறு வேறு இடத்தில் போட்டு இரண்டு பாகமாக விற்பதும் உண்டு. நம்பவேண்டியது பாகத்தில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கோடுகள் கொண்ட குறியையும். சீட்டு கிழிந்துபோயிருந்தால், அந்தப் பாகம் கழற்றப்பட்ட காரின் வின் நம்பரைக் கேளுங்கள். அதைப் பட்டியலில் போட்டு, வரும் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். உண்மையில் சீட்டு இருந்தாலும் இதைச் செய்துவிடுவது நல்லது. எந்த வண்டியிலிருந்து வந்தது என்று சொல்ல மறுக்கும் இடத்தில் கட்டமைப்புப் பாகம் வாங்குவது எனக்கு உவப்பில்லை, விலை எவ்வளவு குறைவானாலும்.

பழைய பாகம் விற்கும் தொழிலில் எது எதற்குப் பொருந்தும் என்று காட்டும் மாற்றுப் பட்டியல்களும் புழங்குகின்றன. வட அமெரிக்காவில் ஹாலண்டர் எண் அப்படிப்பட்டது. அவை நல்ல தொடக்கம். ஆனால் கடைசி வார்த்தை தயாரிப்பாளரின் எண்ணுடையதுதான்.

நேராக இருக்கிறதா?

எண் ஒத்துப்போனது. இனிதான் அசல் வேலை. இந்தப் பாகம் ஒரு விபத்தைக் கடந்து வந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

முதலில், பாகத்தைக் கொடுத்த காரின் படங்களைக் கேளுங்கள்: பிரிப்பதற்கு முன், நான்கு மூலைகளிலிருந்தும். ஏலத்துக்கு வந்த கார் என்றால் இந்தப் படங்கள் விற்பவரிடம் பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு முன் சப்ஃப்ரேம் வேண்டுமென்றால் பின்னால் அடிபட்ட கார் நல்ல கொடையாளி. முன்சக்கரம் ஒன்று உள்ளே மடிந்து கிடக்கும் படம் வந்தால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், அடி சஸ்பென்ஷன் கை வழியாகச் சட்டத்துக்குத்தான் போயிருக்கும். அடிப்பகுதி தரையில் தேய்த்த கார், நடைபாதைக் கல்லில் சக்கரம் மோதிய கார் இவற்றில் உடல் பளபளவென்று இருக்கும், சட்டம் வளைந்திருக்கும். எரிந்த காரிலிருந்து வந்த அலுமினியப் பாகத்தைத் தொடவே வேண்டாம். இரும்பு சூடானால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியம் காட்டாது. உருகுவதற்கு 660 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் கார்களில் பயன்படும் பதப்படுத்திய அலுமினியக் கலவைகள் 200 டிகிரியைத் தாண்டிச் சூடானாலே வலிமையை இழக்கத் தொடங்கிவிடும். பார்க்க அப்படியேதான் இருக்கும். உப்புநீரில் மூழ்கிய காரும் அப்படித்தான், அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் அரிப்பு உள்ளே ஓடியிருக்கும்.

இது அலுமினியமா இரும்பா என்று எப்படித் தெரியும்? ஒரு காந்தம் போதும். ஒட்டவில்லை என்றால் அலுமினியம். இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், சாதாரண இரும்புச் சட்டத்தைப் பட்டறையில் இழுத்து நேராக்கும் பழக்கம் உண்டு. வளைந்த அலுமினிய வார்ப்பைத் திருப்பி வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். இரும்பிலும் எல்லாம் ஒன்றல்ல. தூண்களிலும் பக்கச் சட்டங்களிலும் சில குறுக்குச் சட்டங்களிலும் போரான் இரும்பு இருக்கும். ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கி அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிரவைத்து 1500 மெகாபாஸ்கல் அளவுக்கு வலுவேற்றியது, சாதாரண இரும்பைப்போலப் பல மடங்கு. அதை மறுபடி சூடாக்கினால் அந்த வலு போய்விடும். அதனால் "லேசான வளைவுதான், தட்டி எடுத்துடலாம்" என்ற சமாதானத்தை மோதல் தாங்கும் எந்தச் சட்டத்திலும் ஏற்கக்கூடாது.

நேரில் பார்க்க முடிந்தால் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் குறிப்பிட்ட படங்களைக் கேளுங்கள். உடலோடு இணையும் போல்ட் துளைகளை நெருக்கத்தில்: வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை வடிவமாயிருந்தால் சட்டம் போல்ட்டை இழுத்திருக்கிறது. துளையைச் சுற்றி வாஷர் உட்கார்ந்த தடம் ஒரே இடத்தில் சுத்தமாக இருக்கவேண்டும். இரண்டு தடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் மோதலில் நகர்ந்திருக்கிறது, இல்லையென்றால் முன்பே ஒருமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். வெல்டிங் ஓரங்களில் பூச்சு மயிரிழையாக விண்டிருக்கிறதா, தகட்டில் சுருக்கம் இருக்கிறதா, ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கலாம். புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் சப்ஃப்ரேம் என்னைச் சந்தேகப்பட வைக்கும். அழுக்கோடு இருப்பதே மேல், அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து அளவு. பெரும்பாலான சப்ஃப்ரேம்கள் இடமும் வலமும் ஒத்தவை. முன் இடது துளையின் மையத்திலிருந்து பின் வலது துளையின் மையம் வரை ஒரு மூலைவிட்டம், எதிர்ப்பக்கம் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். இது தட்டையான கோணலைக் காட்டும். முறுக்கிக்கொண்டிருப்பதை இது காட்டாது, அதற்குச் சமதளத்தில் வைத்து நான்கு பிடிப்புப் புள்ளிகளின் உயரத்தையும் பார்க்கவேண்டும். ஒத்த அமைப்பில்லாத சட்டமென்றால் தயாரிப்பாளரின் அளவுப் படம் வேண்டும். பாடி ஷாப்களில் பொதுவாக ஏற்கும் விலகல் 3 மில்லிமீட்டர் அளவில்தான், சில தயாரிப்பாளர்கள் அதையும் ஏற்பதில்லை. டேப்பை வைத்துக்கொண்டு அந்தத் துல்லியத்தை முழுசாகப் பிடிக்க முடியாது; பட்டறையின் அளக்கும் கருவியில் ஏற்றிப் பார்ப்பதே தீர்ப்பு. டேப் எதற்கு என்றால், வெளிப்படையாகக் கெட்டதை அங்கேயே ஒதுக்கிவிட.

"ஏ கிரேடு" என்று விற்பவர் எழுதியிருப்பார். அந்தத் தரம் கண்ணுக்குத் தெரியும் சேதத்தைப் பற்றியது. நேராக இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இல்லை.

முழுசாகவா, வெறும் சட்டமா?

ஒரே பெயரில் இரண்டு விலை கண்டால் இதுதான் காரணமாயிருக்கும். ஒன்று வெறும் சட்டம். இன்னொன்று கைகள், ஸ்டீயரிங் ரேக், சில சமயம் மோட்டார்வரை எல்லாம் சேர்ந்தது. முழுசாக வாங்குவது கவர்ச்சியாகத் தெரியும். கூட வரும் மின்னணுப் பாகங்கள் பழைய காரோடு மென்பொருளில் பிணைந்திருக்கலாம், மாட்டியபிறகு வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் யோசியுங்கள். மோட்டாரைக் கழற்றும் வேலையென்றால் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடவேண்டி வரும். அவற்றில் 400 அல்லது 800 வோல்ட் அளவில் மின்சாரம் ஓடுகிறது. மின்னழுத்தத்தைத் துண்டித்துச் சரிபார்க்கப் பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்கவேண்டிய இடம் அது.

பேட்டரிப் பெட்டி

மேலே சொன்ன மூன்றாவது வகை. பல மின்சாரக் கார்களில் பேட்டரிப் பெட்டி காரின் விறைப்பில் பெரும்பங்கு வகிக்கிறது. பக்கவாட்டு மோதலில் பக்கச் சட்டத்தோடு சேர்ந்து விசையைத் தாங்குகிறது. பழைய பெட்டியை வாங்கினால் வளைவு மட்டுமல்ல, நீர் புகாத தன்மையும் கேள்விக்குரியது. மூடியதும் கசிவுச் சோதனை செய்தே ஆகவேண்டும். செல்களோடு வந்தால் அது அபாயப் பொருள். லித்தியம் அயன் பேட்டரிகளுக்கு யுஎன் 3480 என்ற தனி எண்ணே உண்டு, அடிபட்டதென்றால் அனுப்பும் விதிகள் இன்னும் கடுமை. இதைத் தனியாள் வாங்கித் தனியாள் மாட்டுவதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை.

பணம் கொடுப்பதற்குமுன்

விற்பவருக்கு அனுப்பும் முதல் செய்தியிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்: உங்கள் வின் நம்பர், உங்களுக்கு வேண்டிய முழு பார்ட் நம்பர், கொடுத்த காரின் வின் நம்பர், பிரிப்பதற்கு முந்தைய படங்கள், சீட்டின் படம், ஒவ்வொரு பிடிப்புத் துளையின் நெருக்கப் படம், இரண்டு மூலைவிட்ட அளவுகள். பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பவரிடம் வேண்டாம். கொடுத்த காரின் எண்ணை வைத்து, அதற்குத் தயாரிப்பாளர் ஏதாவது திரும்பப்பெறும் அறிவிப்பு விட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். அந்த அறிவிப்பே நீங்கள் வாங்கும் பாகத்தைப் பற்றியதாக இருக்கலாம்.

திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். அதில் "அளவெடுத்துப் பார்த்ததில் கோணல் என்றால்" என்ற வரி இருக்கட்டும். பொருந்தாவிட்டால் மட்டும் திருப்பித் தருவோம் என்பது போதாது, ஏனென்றால் கோணலான சட்டமும் முட்டிமோதிப் பொருந்தத்தான் செய்யும். வந்து இறங்கியதும் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். கனமான பாகங்கள் வழியில் விழுந்து வளைவது அபூர்வமல்ல. அளந்து முடியும்வரை பெயின்ட் அடிக்காதீர்கள், புஷ்ஷைக் கழற்றாதீர்கள். கை வைத்த பாகத்தை யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

விலையைக் கணக்கிடும்போது சட்டத்தின் விலையோடு நிற்கக்கூடாது. போக்குவரத்துச் செலவு ஒன்று. புது போல்ட்கள் இன்னொன்று: சப்ஃப்ரேம் போல்ட்கள் பல வண்டிகளில் ஒருமுறைக்கு மட்டுமே ஆனவை. முறுக்கும்போது சற்று நீளும்படி வடிவமைத்தவை. கழற்றிய பின் பழையபடி பிடிக்காது. அலுமினியத்தில் போடும் இரும்பு போல்ட்களுக்கு அரிப்பைத் தடுக்கும் தனிப் பூச்சும் உண்டு, அதனால் கடையில் கிடைக்கும் அதே அளவு போல்ட் மாற்றாகாது. புஷ்களும் மாற்றவேண்டியிருக்கலாம். மாட்டிய பின் சக்கர அலைன்மென்ட், ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சீரமைப்பது, முன்சட்டத்தை மாற்றியிருந்தால் ரேடாருக்கும் கேமராவுக்கும் அளவுதிருத்தம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபின் புதியதற்கும் பழையதற்கும் இடையில் சொற்ப வித்தியாசம்தான் மிஞ்சுகிறதென்றால், நான் புதியதையே வாங்குவேன்.

பழையதுதான் என்று முடிவானால், கொடுத்த காரின் வின் நம்பர், சீட்டின் படம், அளவுத் தாள், பட்டறையின் ரசீது எல்லாவற்றையும் வண்டியின் மற்றக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். மாட்டும்முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் அந்தக் கோப்பிலேயே போடுங்கள். மாட்டியபின் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுத்தாலோ, அடியிலிருந்து டொக்கென்று சத்தம் வந்தாலோ, போல்ட்டை நீங்களே முறுக்கிப் பார்க்காமல் மாட்டியவரிடமே கொண்டுபோய் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.